ஃபுளூ பரவல் வரைபடம்

ஒரு பகுதியில் லட்சம் பேரில் எத்தனை பேருக்கு ஃபுளூ கண்டது என்பதை நிற அடர்த்தியில் காட்டும் படம்.

பதிவான தரவு எவ்வளவோ, படமும் அவ்வளவே. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்த கப்பலோடு ஆசிய ஃபுளூ இந்தியாவுக்குள் நுழைந்தது; பன்னிரண்டே வாரங்களில் நாடெங்கும் பரவியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் இன்ஃபுளூயன்சா மையம் அதன் போக்கைத் தொகுத்தது. 1958 பிப்ரவரி வரை பதிவானவர்கள் சுமார் 44.5 லட்சம், இறந்தவர்கள் 1,098. கஷாயம் குடித்துவிட்டு வீட்டிலேயே முடங்கியவர்கள் இந்தக் கணக்கில் ஏது?

பழைய தரவை இன்றைய மாவட்ட எல்லைகளில் வரைவதும் சிக்கல்தான். எடுத்துக்காட்டாக, அந்தத் தரவில் தேனி மாவட்டத்தைத் தேடிப் பயனில்லை. மதுரையிலிருந்து அது பிரிந்ததே 1990களில்தான்.

சிற்றூர்களில் வீதம் ஏமாற்றும். தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரம் போன்ற பேரூராட்சியில் பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேருக்கு ஃபுளூ உறுதியானாலே லட்சத்துக்கு 50 ஆகிவிடும். 2011 கணக்கெடுப்பில் 12.46 லட்சம் பேர் இருந்த மாவட்டம் முழுவதும் அதே நிற அடர்த்தியைத் தொட 623 பேர் வேண்டும். ஆகவே பல வாரத் தரவைச் சேர்த்தோ, பக்கத்து ஊர்களோடு இணைத்தோ கணக்கிடுவார்கள்.

இன்னொரு சிக்கல், விடிகாலை ஜீப்புகள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்தின் இடுக்கிக்குப் போகிறவர்கள் மாலையில் ஊர் திரும்புகிறார்கள். தொற்றியது தோட்டத்திலா, நெருக்கியடித்த ஜீப்பிலா என்பது எப்படியிருந்தாலும், கணக்கில் ஏறுவது வீட்டு முகவரியில்தான். மாநில எல்லையோடு படத்தை நிறுத்தினால் அந்தப் பாதையே கண்ணில் படாது.