நீரா ஆற்றைத் தாண்டினால் ஷிர்வல்

1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் ஓசோன் உடன்படிக்கை கையெழுத்தானபோது இந்தியா ஒதுங்கியே நின்றது. அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. ஃப்ரிட்ஜைக் குளிரவைத்து ஓசோனை அரிக்கும் சி.எஃப்.சி. வாயுவை அரை நூற்றாண்டாக வானில் விட்டவர்கள் பணக்கார நாட்டுக்காரர்கள். இங்கோ ஃப்ரிட்ஜ் இருந்தாலே அது வசதியான வீடு. மாற்று வாயுவுக்கான செலவை யார் தருவது? 1990 ஜூனில் லண்டனில் உடன்படிக்கை நாடுகள் கூடியபோது அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி வாதாடியது இதைத்தான். சீனாவும் அதே கேள்வியோடு நின்றது. வளரும் நாடுகளுக்கென ஒரு நிதியம் பிறந்தது. 1992 ஜூன் 19இல் இந்தியா உள்ளே வந்தது. சூழல் விவகாரத்தில் டெல்லி இத்தனை சாமர்த்தியமாகப் பேரம் பேசியது அபூர்வம்.

ஓசோனை அரிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த 2000இல் இந்தியாவில் தனி விதிகள் வந்தன. உடன்படிக்கை தந்த 2010 கெடுவுக்கு முன்பே, 2008 ஆகஸ்டில், சி.எஃப்.சி. உற்பத்தியை ஆலைகள் நிறுத்தின.

சிக்கல் அதன்பிறகுதான். ஏசிக்குள் இருந்த ஆர்-22 வாயுவும் ஓசோனை அரிக்கும், சி.எஃப்.சி.யைவிட மிகக் குறைவாக. அதற்கு மாற்றாக வந்த எச்.எஃப்.சி. ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடாக்கிவிடும்.

புனேயிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் தெற்கே வந்து நீரா ஆற்றைத் தாண்டினால் ஷிர்வல். அங்குள்ள கோத்ரெஜ் ஆலை, ஜெர்மனி அரசின் உதவியோடு, 2012இல் இரண்டையும் விட்டுப் புரொப்பேனுக்கு மாறியது. ஓசோனுக்குக் கேடில்லை, பூமியைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இல்லை. ஆனால் பற்றிக்கொள்ளும், சமையல் கேஸின் பங்காளி ஆயிற்றே! அதனால் ஆலையில் வாயு நிரப்பும் இடத்தில் கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார், அலாரம், பொறி கிளம்பாத மின்கருவிகள், வேகமாகக் காற்றை வெளியே தள்ளும் விசிறிகள் எல்லாம் வேண்டும். வீட்டு ஏசிக்குள் போவதென்னவோ சில நூறு கிராம்தான். அடுப்படியில் 14.2 கிலோ சிலிண்டரை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிற நாம்தான் இதற்குப் பயந்தோம்.

பயத்தில் ஒரு நியாயமும் உண்டு. 'கேஸ் அடிக்க' வரும் மெக்கானிக் மிச்ச வாயுவைக் காற்றில் திறந்துவிட்டு, அங்கேயே குழாயைச் சூடாக்கிப் பற்றவைப்பது பழைய வழக்கம். புரொப்பேனில் அப்படிச் செய்தால் ஆளுக்கே ஆபத்து. மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தராமல் இந்த ஏசியை விற்க முடியாது.

2024 முடிவோடு புதிய ஏசிகளில் ஆர்-22 தடையாகிவிட்டது. ஏற்கெனவே மாட்டிய பழைய பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைத் திறக்கும்போது வாயுவைச் சிலிண்டரில் பிடிக்கிறார்களா, ஜன்னல் வழியே விடுகிறார்களா என்று பார்க்க எந்த அதிகாரியும் மூன்றாவது மாடி ஏறி வருவதில்லை.