தரிசு என்று பெயரிடப்பட்டவர்கள்

பாபிலோனியர் உலகுக்கு விட்டுச்சென்றவை என்று பாடநூல்கள் தரும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். 60ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை, அதன் வழியே இன்றும் நம் கடிகாரத்தில் ஓடும் 60 நிமிடங்கள், கிரகணங்களை முன்கூட்டிக் கணித்த வானியல், ஹமுராபியின் சட்டத் தூண். பட்டியலில் பிழையில்லை. ஆனால் அதில் பெயரோடு வரும் மனிதர் ஹமுராபி மட்டுமே.

என்னைக் கேட்டால் அந்தக் கருங்கல் தூணுக்கு முன்னால் உள்ளங்கையளவு களிமண் பலகையொன்றை வைப்பேன். காவியமோ துதியோ எழுதிய பலகை அல்ல, வெறும் பத்திரம். வயல் விற்பனை, வீட்டு வாடகை, வெள்ளிக் கடன், தத்தெடுப்பு என்று அன்றாடக் கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் சாட்சிகளின் பெயரோடு எழுதி, முத்திரையை உருட்டிப் பதித்து வைக்கும் பழக்கத்தை பாபிலோனியர் தங்கள் வாழ்வின் இயல்பாகவே ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அரசன் தன் புகழைக் கல்லில் வெட்டினான். மற்றவர்களின் வாழ்க்கை களிமண்ணில் கிடக்கிறது. அந்த மற்றவர்களில் பெண்கள் இருக்கிறார்கள், அதுவும் கூட்டமாக.

யூப்ரடிஸ் ஆற்றங்கரையில் இருந்த சிப்பார் நகரம் சூரியக் கடவுள் ஷமாஷுக்கு உரியது. இன்றைய பாக்தாதுக்குத் தென்மேற்கே அபு ஹப்பா என்ற மேடாக அது கிடக்கிறது. 1880களின் தொடக்கத்தில் மோசுலில் பிறந்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் அங்கே அகழ்ந்தெடுத்த பலகைகள் பல்லாயிரம். அவை லண்டனுக்குப் போயின. பழம்பாபிலோனியக் காலத்துச் சிப்பார் பத்திரங்களில் திரும்பத் திரும்ப ஒரு வகைப் பெண்கள் வருகிறார்கள். ஷமாஷின் நதீத்துகள். வசதியான வீட்டுப் பெண்கள், அரசகுமாரிகளும் உண்டு. கோயிலைச் சார்ந்து மதில் சூழ்ந்த ககூம் என்ற வளாகத்தில் தனித்தனி வீடுகளில் வாழ்ந்தார்கள். மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை பெறவில்லை. ஷமாஷின் துணைவியான ஆயா என்ற தெய்வத்தை வணங்கினார்கள். நம் காதுக்குப் பாட்டியாகக் கேட்கும் அந்தப் பெயர் அங்கே என்றும் மணப்பெண்ணாக இருப்பவளுடையது.

நதீத்து என்ற சொல்லின் வேர், உழாமல் போட்டுவைத்த நிலத்தைக் குறிப்பது. அதாவது தரிசு. பிள்ளை பெறாத பெண்ணை நிலத்தோடு ஒப்பிடாமல் எந்த மொழியாலும் இருக்க முடியவில்லை போலும். ஆனால் இந்தத் தரிசுகள் நிலம் வாங்கினார்கள், குத்தகைக்கு விட்டார்கள், தானியமும் வெள்ளியும் கடன் கொடுத்தார்கள், சொத்துக்காக வழக்காடினார்கள். 1960களில் ரிவ்கா ஹாரிஸ் என்ற ஆய்வாளர் இந்தப் பத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் படித்தபோது, கோயில் சுவருக்குள் ஒடுங்கிய துறவிகள் மறைந்து, கணக்குத் தெரிந்த உடைமையாளர்கள் வெளிப்பட்டார்கள். பிரசவச் சாவு இவர்களைத் தீண்டவில்லை. பலர் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள்.

இதைப் பெண் விடுதலை என்று கொண்டாடிவிட முடியாது. மகளைக் கோயிலுக்குக் கொடுத்த தகப்பனுக்குத் தன் கணக்கு இருந்தது. அவள் மணம் செய்துகொண்டால் சீதனம் வேற்று வீட்டுக்குப் போகும். நதீத்து ஆனால் அவள் காலத்துக்குப் பிறகு சொத்து சகோதரர்களிடமே திரும்பும். ஹமுராபி சட்டத்தின் 178ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: தகப்பன் இறந்ததும் அவளுடைய வயலையும் தோப்பையும் சகோதரர்கள் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு அவளுக்குத் தானியமும் எண்ணெயும் கம்பளியும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் ஏய்த்தால் அவள் தனக்கு வேண்டிய குத்தகைக்காரரிடம் நிலத்தை விடலாம். அனுபவிக்கலாம், விற்க முடியாது.

அடுத்த பிரிவுதான் என்னை நிறுத்துகிறது. தகப்பன் தன் முத்திரைப் பலகையில், இவள் விரும்பியவருக்கு இதைக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் சகோதரர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலிருக்கும் வேறுபாடு களிமண்ணில் ஒரே ஒரு வரி. அந்த வரி இருந்தால் அவள் உரிமையாளர், இல்லாவிட்டால் சகோதரர்களின் கையை எதிர்பார்க்கும் சீவனாம்சக்காரி.

எழுத்து என்ன செய்யும் என்பதை நதீத்துகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். முதிய நதீத்து ஒருத்தி இளைய நதீத்து ஒருத்தியை, பல வேளைகளில் தன் சகோதரனின் மகளை, தத்தெடுத்துக்கொள்வாள். முதுமையில் இவளுக்கு உணவும் உடையும் தருவது அவள் பொறுப்பு, இவளுக்குப் பின் சொத்து அவளுக்கு. அத்தையிலிருந்து மருமகளுக்கு, அவளிலிருந்து இன்னொருத்திக்கு என்று கருப்பையின் துணையில்லாமல் பெண்வழி மரபொன்று ஓடியது. அந்தப் பத்திரங்கள் பலவற்றை எழுதியவர்களும் பெண்கள். ககூமுக்குள் எழுத்தர்களாகப் பெண்கள் இருந்தார்கள். அமத்-மாமு என்ற எழுத்தரின் பெயர் ஹமுராபி தொடங்கி அவன் பேரன் வரை மூன்று அரசர்களின் காலத்துப் பலகைகளில், ஏறக்குறைய 40 ஆண்டுகள் தொடர்ந்து வருகிறது. அப்போது எழுத்துக்குத் தெய்வமும் பெண்தான், நிசபா. பிற்காலத்தில் அந்த இடத்தை நபூ என்ற ஆண் தெய்வம் எடுத்துக்கொண்டது.

பெண்கள் எழுதினார்கள் என்பதால் எழுத்து எல்லாப் பெண்களின் பக்கமும் நின்றுவிடவில்லை. நதீத்துகளின் சொத்தில் அடிமைப் பெண்களும் அடக்கம். மணம் செய்துகொண்ட நதீத்துகளும் உண்டு. அவர்களும் பிள்ளை பெறக் கூடாது என்பதால் கணவனுக்கு அடிமைப் பெண் ஒருத்தியைக் கொடுப்பார்கள். பிள்ளை பெற்ற பின் அவள் தன்னை எஜமானிக்குச் சமமாக எண்ணினால், விற்கத்தான் கூடாது, அடிமை அடையாளம் இட்டு மற்ற அடிமைகளோடு சேர்க்கலாம் என்கிறது 146ஆம் பிரிவு. பிள்ளை பெறாமல் போனால் விற்றுவிடலாம் என்கிறது 147. ஒருத்தியின் கருப்பைக்குக் கிடைத்த ஓய்வுக்கு இன்னொருத்தியின் கருப்பை விலை. அவளும் களிமண்ணில் இருக்கிறாள், விற்கப்படும் பொருளாக.

சட்டம் எழுதப்பட்டாலும் சோறு தட்டுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. மாரி நகரத்து அரசன் ஸிம்ரி-லிம், தன் மகள் எரிஷ்டி-ஆயாவைச் சிப்பாருக்கு நதீத்தாக அனுப்பியிருந்தான். அவள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. மற்ற மகள்களுக்குத் தானியமும் உடையும் போகின்றன, உங்களுக்காகத் தினமும் வேண்டிக்கொள்ளும் எனக்கு எதுவும் வரவில்லை என்பதே அவற்றின் சாரம். அரசன் மகளுக்கே இந்த நிலை. கெஞ்சுவதுபோல் தொடங்கும் அந்தக் கடிதங்களில் பாக்கியைக் கேட்கிறவளின் கறாரும் இருக்கிறது. வேண்டுதல் அவளைப் பொறுத்தவரை வேலை, அதற்குக் கூலி வர வேண்டும்.

ஹமுராபி கி.மு. 1761 அளவில் மாரியைப் பிடித்தான், பின்னர் அழித்தான். இடிந்த அரண்மனையின் அடியில் கிடந்த 20,000க்கும் மேற்பட்ட பலகைகளை, 1933இல் தொடங்கிய பிரெஞ்சு அகழ்வுகள் வெளியே கொண்டுவந்தன. எரிஷ்டி-ஆயாவின் கடிதங்கள் அவற்றோடு வந்தவை. அழிவுக்குப் பின் நிறுவப்பட்ட சட்டத் தூணின் முகவுரையில் ஹமுராபி தன்னைப் பற்றி நிறையச் சொல்லிக்கொள்கிறான். சிப்பாரில் ஆயாவின் சன்னதியைப் பசுமையால் அலங்கரித்தவன் தான் என்கிறான். மாரி மக்களுக்குக் கருணை காட்டியவனும் தானே என்கிறான்.