வரைபலகைப் பேனாவின் தாமதம்

வரைபலகையில் பேனா நகரும் கணத்துக்கும் அதற்குரிய கோடு திரையில் தோன்றும் கணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியே பேனாத் தாமதம். கணினி ஓவியர்கள் இதை ‘லேக்’ என்பார்கள். எந்த வரைபலகையிலும் இது கொஞ்சம் இருக்கும். கை வளைவை முடித்துவிட்ட பிறகும் கோடு பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தால்தான் பழுது என்று பெயர்.

தாமதம் இரு வகைப்படும். பேனாவின் இடத்தைக் காட்டும் கர்சரே பிந்தி வருவது ஒரு வகை. கர்சர் கையோடு ஒட்டி வர, கோடு மட்டும் பிந்துவது மறு வகை. முன்னதற்குக் காரணத்தைப் பேனா, கேபிள், டிரைவர் ஆகியவற்றில் தேடவேண்டும். பின்னதற்கு வரையும் மென்பொருளில். இந்தப் பிரிவைப் பாராமல் டிரைவரை நீக்குவதும் நிறுவுவதுமாகப் பொழுதைக் கழிப்பவர்களே மிகுதி.

இப்பிரிவு வரைபலகையின் பிறப்பிலேயே இருக்கிறது. அதைக் காண அதன் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். எலைஷா கிரே 1888இல் காப்புரிமை பெற்ற டெலாட்டோகிராஃப், ஓரிடத்தில் எழுதுவதைக் கம்பி வழியே வேறோரிடத்தில் அப்படியே எழுதிக்காட்டியது. பேனாவின் அசைவை மின்குறிப்பாக மாற்றும் எண்ணத்துக்கு இக்கருவி ஒரு முன்னோடி. 1957இல் பெல் ஆய்வகத்தில் டாம் டைமண்ட் செய்த ஸ்டைலேட்டர், கையால் எழுதிய எழுத்துகளை இனங்காண முயன்றது. ஓவியத்துக்கு உதவும் கருவியாக அதைச் சொல்ல முடியாது.

1963இல் ஐவன் சதர்லேண்ட், எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டிஎக்ஸ்-2 கணினியில் ஸ்கெட்ச்பேட் நிரலை உருவாக்கினார். அதில் ஒளிப்பேனாவைத் திரைமீதே வைத்து வரையவேண்டும். பேனா எங்கே இருக்கிறது என்று அறிய, நிரல் ஒரு சிலுவைக் குறியைத் திரையில் காட்டி, பேனாவைத் துரத்திக்கொண்டே இருக்கும். கை வேகமாகப் போனால் துரத்தல் அறுந்துவிடும். சதர்லேண்ட் இந்தக் குறையையே கட்டளையாக்கினார்: பேனாவைச் சடக்கென்று சுண்டினால், குறி தொடர முடியாமல் நிற்கும், கோடு முடிந்தது என்று கணினி கொள்ளும். தாமதத்தை வேலைக்கு வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான் போலும்.

எண்ணிம வரைபலகைகளில் பெயர்பெற்ற முன்னோடி, கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 1964இல் வெளியான ராண்ட் டேப்லெட். டேவிஸ், எல்லிஸ் இருவரும் அதன் ஆக்கியோர். அச்சுச்சுற்றில் நெய்த 10.24 அங்குலச் சதுரப் பலகை. அகலத்தில் 1024, உயரத்தில் 1024 என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை அது வேறுபடுத்தி அறிந்தது. விலை சுமார் 18,000 டாலர். அதன் அமைப்பில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பேனா இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியைத் திரைக் கட்டுப்பாட்டுச் சுற்றே காட்டியது. பேனா கடந்துபோன தடத்தை ‘மை’யாகத் திரும்ப வரைவதுதான் கணினியின் பொறுப்பு. ஆக, புள்ளிக்கு ஒரு வழி, மைக்கு ஒரு வழி. இன்றைய கர்சருக்கும் கோட்டுக்கும் உள்ள உறவு ஏறத்தாழ அதுவே.

1983இல் ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் தொடங்கிய வாகம் நிறுவனம், பேனாவிலிருந்து வயரையும் பேட்டரியையும் நீக்கியது. பலகை மின்காந்த அலையை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதை வாங்கி ஒத்ததிர்ந்து திருப்பி அனுப்பும். எந்தப் பகுதியில் பதில் வலுவாக இருக்கிறது என்பதைக்கொண்டு பலகை இடத்தைக் கணிக்கும். வாகமின் இன்டுயோஸ் புரோ பலகை இக்கணக்கை நொடிக்கு 200 தடவை அனுப்புகிறது. அதாவது 5 மில்லிநொடிக்கு ஒரு முறை. 60 ஹெர்ட்ஸ் திரையோ ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு மாறவே ஏறக்குறைய 17 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. எனவே கண்ணுக்குத் தெரியும்படி கோடு பிந்தினால், பலகையின் தலையில் பழியைப் போடுவது பெரும்பாலும் அநியாயம்.

சோதனையைப் பேனாவைப் பலகையில் தொடாமல் சற்று மேலே பிடித்து ஆட்டித் தொடங்குவது வழக்கம். கர்சர் தடுமாறினால் மவுஸை நகர்த்திப் பார்க்கவேண்டும். மவுஸும் தடுமாறினால் கணினியே திணறுகிறது. பேனா மட்டும் தடுமாறினால், புளூடூத் இணைப்பை விட்டுக் கேபிளைச் செருகவேண்டும். யுஎஸ்பி ஹப் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கணினியில் செருகவேண்டும். பலகைக்குக் கீழே இரும்பு மேசை, பக்கத்தில் சார்ஜ் ஏறும் கைபேசி, ஒட்டினாற்போல் இன்னொரு பலகை, இவை மூன்றும் மின்காந்த அலையைக் குழப்பக்கூடியவை. முன்பு வைத்திருந்த வேறு நிறுவனப் பலகையின் டிரைவர் நீக்கப்படாமல் கிடந்து புதியதோடு மல்லுக்கு நிற்பதும் உண்டு. அப்போது இரண்டையும் நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, தேவையானதை மட்டும் நிறுவுவதே வழி.

விண்டோஸ் கணினியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பேனாவை ஊன்றியதும் சிறு வட்டம் தோன்றி, கோட்டின் தொடக்கம் மட்டும் தயங்கும். அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் என்று கொள்ளும் அமைப்பின் வேலை அது: வரையப்போகிறாரா, கிளிக் செய்யப்போகிறாரா என்று முடிவு தெரியும்வரை இயங்குதளம் காத்திருக்கிறது. கண்ட்ரோல் பேனலின் ‘பென் அண்ட் டச்’ பகுதியில் இதை அணைக்கலாம். பேனாச் செய்தியை மென்பொருளுக்குக் கொண்டுசேர்க்க விண்டோஸில் இரு பாதைகள் உள்ளன: 1990களின் தொடக்கத்தில் வந்த விண்டேப், 2016இல் வந்த விண்டோஸ் இங்க். ஓவியருக்கு ஏற்றது பழைய விண்டேப்பே. கிருத்தா என்னும் வரையும் மென்பொருளின் அமைப்புகளில் இதை நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஃபோட்டோஷாப்பில், டிரைவரில் விண்டோஸ் இங்கை நீக்கினால் மட்டும் போதாது, அழுத்த உணர்வு போய்விடும். மென்பொருளின் அமைப்புக் கோப்புறையில் விண்டேப்பைக் கேட்கும் ஒரு சிறு உரைக்கோப்பையும் வைக்கவேண்டும்.

கர்சர் ஒழுங்காக வந்து கோடு மட்டும் பிந்தினால், முதல் சந்தேகம் நடுக்கம் நீக்கும் வசதிமேல் விழவேண்டும். ஃபோட்டோஷாப்பில் ‘ஸ்மூதிங்’, கிருத்தாவில் ‘ஸ்டெபிலைசர்’. கோட்டை வழவழப்பாக்க, பேனாவின் அடுத்த சில நிலைகள் வரும்வரை காத்திருப்பதே அதன் வேலை. அளவைக் கூட்டினால் தாமதமும் கூடும். பழுது என்று புகார் செய்யப்படுவதில் கணிசமானது இந்த வசதியின் விளைவுதான். சுழியத்துக்கு இறக்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது படத்தின் அளவு. ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480 × 3508, அதாவது ஒரு லேயருக்கே சுமார் 87 லட்சம் பிக்சல். 600 டிபிஐ ஆக்கினால் சுமை நான்கு மடங்கு. பெரிய தூரிகையோடு பல லேயர்களும் சேர்ந்தால் எந்தக் கணினியும் மூச்சுவாங்கும். சிறிய வெற்றுப் படத்தில் கோடு விரைந்து வந்தால் காரணம் இதுவே.

திரையோடு கூடிய பலகைகளும் ஐபேடும் இன்று பரவலாக உள்ளன. ஐபேட் ஓஎஸ் 13 மூலம் ‘பென்சில்’ என்னும் தன் பேனாவின் தாமதத்தை 20 மில்லிநொடியிலிருந்து 9க்குக் குறைத்ததாக ஆப்பிள் 2019இல் அறிவித்தது.