தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி

எங்க மாங்காட்டுல நாய்க்கடின்னு பேச்சு வந்தா, அம்பது தாண்டினவங்க கை தானா வயித்தைத் தடவும். பதினாலு ஊசி பயம் அப்படி. ஆனா வலியை விடப் பெரிய வில்லங்கம் ஒண்ணு அந்த மருந்துக்குள்ள இருந்தது. அந்த வரலாறுதான் இந்தப் பதிவு.

1902ல லில்லி பக்கென்ஹாம் வால்ஷ் என்ற பெண்ணை வெறிநாய் கடித்தது. வைத்தியத்துக்கு வடக்கே கசௌலி வரைக்கும் போகணும். பிழைக்கலை. அதற்குப் பிறகுதான் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த பணத்தில், 1907ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்தது.

1911ல கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு மலிவான வழி கண்டுபிடிச்சார். வைரஸை முயல் மூளையில் (பின்னாடி ஆட்டு மூளையில்) வளர்த்து, மூளையோட அரைச்சு, ஃபீனால் ஊத்திக் கொன்னு, ஊசியில ஏத்துறது. குன்னூர்லயும் பல வருஷம் ஆட்டு மூளை மருந்துதான் தயாரானது.

வைரஸ் செத்துடுச்சு, சரி. மூளை? அது அப்படியே உடம்புக்குள்ள போச்சுங்க! ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு வாரத்துல சிலருக்குக் கால் விழுந்துடும், மூத்திரம் நின்னுடும். சில நூறு பேரில் ஒருவர் முதல் சில ஆயிரம் பேரில் ஒருவர் வரை.

குற்றவாளி வைரஸா, மூளையா? 1933ல ராக்ஃபெல்லர் நிறுவனத்துல தாமஸ் ரிவர்ஸ் வைரஸே இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். சில குரங்குகளுக்கு வாதம் வந்தது. நரம்பைச் சுத்தி இருக்கிற மயலின் (கரண்ட் ஒயர் மேல இருக்கிற பிளாஸ்டிக் உறை மாதிரி) உரிஞ்சு போயிருந்தது. 1960ல ஃபிலிப் பேட்டர்சன் நோய் வந்த எலியோட நிணநீர் செல்களை வேற எலிக்கு மாத்தினார், நோயும் கூடவே போச்சு. 1981ல அதைச் செய்யறது டி செல்தான்னு உறுதியாச்சு. ஆட்டு மயலினைப் பார்த்துப் பழகின டி செல், சொந்த வீட்டு ஒயரையே கடிக்குது.

எனக்கு ஆச்சரியம் வேற இடத்துல. அத்தனை பேருக்கும் அதே மூளைதானே போச்சு, மிச்சப் பேர் எப்படித் தப்பிச்சாங்க? சொந்த உடம்பைத் தாக்குற டி செல் நம்ம எல்லார்கிட்டயும் கொஞ்சம் இருக்கு. அதை அதட்டி உட்கார வைக்கிற இன்னொரு டி செல்லும் இருக்குன்னு 1995ல ஜப்பான்காரர் சகாகுச்சி காட்டினார். அதை உருவாக்குற ஜீனை மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் கண்டுபிடிச்சாங்க. மூணு பேருக்கும் 2025ல நோபல். தப்பிச்சவங்களுக்கு இந்தக் காவல்காரங்க மட்டுமே காரணம் இல்லை, பரம்பரை வாகும் சேரும். ஆனா எலிகள்ல இவங்களை நீக்கிட்டா இதே நோய் மோசமாகுது.

செம்பிளைத் திட்ட மனசு வரலை. வெறிநோய் வந்துட்டா சாவு நிச்சயம், அப்ப வேற வழி இல்லை. கோபம் அடுத்து நடந்ததுல. உலக சுகாதார நிறுவனம் 1980கள்லயே மூளை மருந்தை விடச் சொல்லுச்சு. இந்தியாவுல 2005லதான் முழுசா நின்னுச்சு. இருவது வருஷம்! காசுள்ளவன் வெளியில நல்ல மருந்து வாங்கிப் போட்டுக்கிட்டான், தர்மாஸ்பத்திரி வரிசையில நின்னவனுக்கு ஆட்டு மூளை.

டிஸ்கி: இப்ப வர்ற ஊசியில மூளை கிடையாது. கையிலதான் போடுவாங்க, நாலஞ்சு தடவை. நாய் கடிச்சா சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எல்லாம் வேண்டாம்.