ஏற்காடு சாலையில் ஒரு வளைவு

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, தமிழ்நாட்டு அரசு வேலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். 1974-இல் சேலத்துக்கு மாற்றலாகி வந்த அன்று, டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "கோரிமேடு" என்று குரல் கொடுத்ததும் திடுக்கிட்டேன். எங்கள் புதுவையிலும் ஒரு கோரிமேடு உண்டே! கோரி என்றால் சமாதி. அந்த ஒரு பெயரே எனக்கு இந்த ஊரைச் சொந்த ஊராக்கிவிட்டது.

அஸ்தம்பட்டியைத் தாண்டி, கன்னங்குறிச்சிப் பக்கம் வாடகை வீடு பிடித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாடர்ன் தியேட்டர்ஸில் செட் போடும் தச்சர். ஒருநாள் பேச்சுவாக்கில், பள்ளியில் படித்த அலெக்சாந்தர் துமாவின் இரும்பு முகமூடிக் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"தம்பி, அது நம்ம உத்தம புத்திரன் கதையில்ல? சின்னப்பா ரெண்டு வேசம் கட்டி இங்கயே நடிச்சதாச்சே! நான் அப்ப எடுபிடிப் பையன்."

அவர் சொன்னது சரிதான். 1940-இல் வந்த அந்தப் படத்துக்கு மூலம் துமாவின் கதையே. தமிழில் முதல் இரட்டை வேடப் படம் என்று பெயர் பெற்றது.

இந்த ஸ்டூடியோவைக் கட்டியவர் திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். அந்நாளில் தமிழ்ப் பேசும்படம் எடுக்க நடிகர்களைக் கூட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயிலேற வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் எதற்கென்று சேர்வராயன் மலையடிவாரத்திலேயே 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதல் படம் 1937-இல் 'சதி அகல்யா'. மறு வருடமே 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம். 1950-இல் கலைஞர் வசனம் எழுதிய 'மந்திரி குமாரி'. 1956-இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' 1961-இல் வந்ததும் இவர்களிடமிருந்துதான். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். கண்ணதாசன்கூட இங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான்.

சுந்தரம் கண்டிப்பானவர் என்பது ஊரறிந்த செய்தி. நடிகரானாலும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். "ஃபாக்டரி மாதிரி நடத்துவாரு, ஆனா ஒண்ணாந்தேதி சம்பளம் கைக்கு வந்துரும்" என்பார் பெரியவர். சம்பளத் தேதியின் அருமை என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குத் தெரியாதா?

1963-இல் சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பறியும் படங்கள் எடுத்தார். ஆனால் சினிமாத் தொழில் மொத்தமும் சென்னையில் குவிந்துவிட்ட காலம் அது. 1980களின் தொடக்கத்தில் ஸ்டூடியோ மூடப்பட்டது. இன்று அங்கே வீடுகள். சாலையோரத்தில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

வேலை போன பிறகு பெரியவர் ஜன்னல், கதவு செய்து பிழைத்தார். அரண்மனை கட்டிய கை அது. ஆனால் ஒருநாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எந்தப் படத்துக்கு எந்தத் தூண், எந்தச் சிம்மாசனம் என்று கணக்காகச் சொல்லுவார். நானும் தலையாட்டிக் கேட்டேன். ஆபீசில் முப்பது வருஷம் மற்றவர்களுடைய விண்ணப்பங்களுக்குக் குறிப்பெழுதியவன், அவர் சொன்னதில் ஒரு வரியைக்கூட எழுதி வைக்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் பேரன் அந்த வளைவைக் காட்டி, "உள்ள என்ன தாத்தா இருந்துச்சு?" என்றான். படங்களின் பெயரையும் வருஷத்தையும் சொன்னேன். "அலிபாபா குகை எந்த இடத்துல இருந்துச்சு?" என்றான். அதைப் பெரியவர் கைநீட்டிக் காட்டியிருக்கிறார், எனக்கு மறந்துவிட்டது.

நண்பர்களே, உங்கள் தெருவில் அங்கே வேலை செய்தவர் யாராவது இருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள்.