வகுக்காமலே பிடிபட்ட பகா எண்

பொட்டி தட்டுற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு 2147483647 ரொம்பப் பழக்கமான நம்பர். 32 பிட் இன்டிஜரோட உச்சம். மேல ஒண்ணு கூட்டினா சட்டுனு மைனஸுக்குப் போய் மானத்தை வாங்கிடும். அதாவது 2^31 - 1. அது ஒரு பகா எண்ணுங்கறதை 1772-லயே ஆய்லர் சொல்லிட்டார்.

அதே கணக்கை 128 பிட்டுக்குக் கொண்டுபோனா 2^127 - 1. முழுசா எழுதினா:

170141183460469231731687303715884105727

மொத்தம் 39 இலக்கம். இது பகா எண்தான்னு 1876-ல அறிவிச்சவர் எத்வார் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர். கால்குலேட்டர் கிடையாது, எல்லாம் கைக்கணக்கு.

இந்த எண்ணுக்கு ஒரு முன்கதை உண்டு. 1644-இல் மெர்சென் என்ற துறவி, 2^n - 1 வடிவத்துல எதெல்லாம் பகா எண்னு ஒரு பட்டியல் போட்டார். எப்படின்னு விளக்கமே கொடுக்கல. அந்தப் பட்டியல்ல 67, 127 ரெண்டும் இருந்துச்சு. 230 வருஷம் கழிச்சு லூகாஸ் சோதிச்சப்போ 67 ஊத்திக்கிச்சு, 127 தேறிடுச்சு.

சரி, எப்படிச் சோதிச்சார்? ஸ்கூல்ல படிச்ச மாதிரி வர்க்கமூலம் வரைக்கும் ஒவ்வொரு எண்ணா வகுத்துப் பார்க்கறதுன்னா, நொடிக்கு நூறு கோடி தடவை வகுக்கிற மெஷினுக்கே 400 வருஷத்துக்கு மேல ஆகும். லூகாஸ் அந்தப் பக்கமே போகல. 3-ல ஆரம்பிங்க. வர்க்கப்படுத்தி 2 கழிங்க. சோதிக்கிற எண்ணால வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்கிட்டு, திரும்ப அதையே செய்யுங்க. குட்டித்தம்பி 2^7 - 1 = 127-க்குப் போட்டுப் பாருங்க: 3, 7, 47, 48, 16, 0. அஞ்சாவது தடவை பூஜ்யம் வந்துடுச்சா, 127 பகா எண். (எல்லா n-க்கும் 3 ஒத்துவராது. 4-ல ஆரம்பிக்கிற பொதுவடிவத்தை 1930-கள்ல லெமர் செப்பனிட்டார்.)

பெரியவருக்கு இதையே 125 தடவை செய்யணும், ஒவ்வொண்ணும் 39 இலக்கப் பெருக்கல்! லூகாஸ் இதுக்கு பைனரியைப் பிடிச்சார். 127-க்கு 127 கட்டம் போட்ட சதுரங்கப் பலகை. காய் இருந்தா 1, இல்லேன்னா 0. 2^127 - 1 ஆல வகுத்து மீதி எடுக்க உண்மையில வகுக்கவே வேணாம். இடது ஓரத்துல வெளியே விழுற காயை வலது ஓரத்துல கொண்டுவந்து கூட்டினா போதும். நாம சர்க்குலர் ஷிஃப்ட்னு சொல்றோமே, அதேதான். இதைப் படிச்சப்போ எனக்கு நிஜமாவே கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு :-)

67 விஷயம் இன்னும் வேடிக்கை. அது பகு எண்னு லூகாஸுக்குத் தெரியும், ஆனா எதால வகுபடும்னு தெரியாது. காரணிகளை 1903-ல அமெரிக்காவின் கோல் கண்டுபிடிச்சார்: 193707721 × 761838257287.

127-ஓட சாதனை 75 வருஷம் நின்னுச்சு. 1951-ல ஃபெரியர் மேசைக் கால்குலேட்டரை வெச்சு 44 இலக்க எண்ணைப் பிடிச்சார். அதே வருஷம் கேம்பிரிட்ஜின் எட்சாக் கம்ப்யூட்டர் 79 இலக்கத்துக்குப் போச்சு. மெஷின் தொடாம மனுஷன் கையால பிடிச்சதுல இன்னிக்கும் பெருசு லூகாஸோடதுதான்.