மேடையும் இசைத்தட்டும்: ஜாஸ் வரலாறு சொன்ன இரு வானொலி நிகழ்ச்சிகள்

ஜாஸ் பிறந்த காலத்துக்கு ஒலிச்சான்று கிடையாது. நியூ ஆர்லியன்ஸில் அந்த இசையைத் தொடங்கிவைத்தவர் என்று மூத்த கலைஞர்கள் பலரும் கைகாட்டும் பட்டி போல்டன் 1907இல் மனநோய்க் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, 1931இல் இறந்துபோனார். அவருடைய கார்னெட்டிலிருந்து ஒரு சுரம்கூட நமக்கு மிஞ்சவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது 1917இல். அதில் வாசித்தது ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு. கிங் ஆலிவரின் கறுப்பினக் குழுவும், அதில் இரண்டாம் கார்னெட் வாசித்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பதிவுக்கூடத்துக்குள் நுழைய 1923 ஏப்ரல்வரை ஆயிற்று.

இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில் இருந்த அந்தக் கூடத்தில் மைக் கிடையாது. நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கூம்பைப் பார்த்து எல்லோரும் வாசிக்க வேண்டும். அந்த அதிர்விலேயே ஊசி மெழுகில் கோடு கீறும். டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டிச் சமாளித்தார். ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை அமுக்கியதால் அவரைப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. இரவு முழுக்க ஆடுபவர்களுக்காக வாசித்துப் பழகிய குழு, தட்டின் ஒரு பக்கத்துக்குள், மூன்று நிமிடச் சொச்சத்தில், முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆக, தொடக்ககால ஜாஸைப் பற்றி வானொலியில் பேச வருபவருக்குச் சிக்கல் முதலிலேயே தொடங்கிவிடுகிறது. நடந்த இசை ஒன்று, தட்டில் தங்கியது வேறொன்று. இந்தச் சிக்கலை இரண்டு அமெரிக்க நிகழ்ச்சிகள் இருவிதமாகக் கையாண்டன. ஒன்று, டெக்சஸின் சான் அன்டோனியோ நகரிலிருந்து வந்த ரிவர்வாக் ஜாஸ். மற்றது, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் டபிள்யூ.கே.சி.ஆர். நிலையத்தில் ஃபில் ஷாப் என்ற தனிமனிதர் நடத்திய ஒலிபரப்புகள்.

ரிவர்வாக் ஜாஸின் நடுநாயகம் கார்னெட் கலைஞர் ஜிம் கல்லம். அப்பா கிளாரினெட் வாசித்தவர். அப்பாவும் மகனும் 1963இல் ஆற்றங்கரையில் தி லேண்டிங் என்ற ஜாஸ் கூடம் தொடங்க முன்னின்றார்கள். 1973இல் அப்பா இறந்ததும் அவர்கள் அங்கே வாசித்துவந்த குழு மகன் கைக்கு வந்தது. கார்னெட், கிளாரினெட், டிராம்போன், பியானோ, பாஞ்சோ அல்லது கிட்டார், பாஸ், டிரம் என ஏழு பேர். 1989இல் அந்த மேடையே வானொலி நிகழ்ச்சியாகி, இருபது ஆண்டுகளுக்கு மேல் பொது வானொலி நிலையங்கள் வழியாக நாடெங்கும் ஒலித்தது. தொகுத்து வழங்கியவர் பாஞ்சோ கலைஞர் டேவிட் ஹோல்ட். ஸ்கிரிப்ட் எழுதித் தயாரித்தவர் மார்கரெட் மூஸ் பிக்.

இந்த நிகழ்ச்சியில் பழைய தட்டைச் சுழலவிடுவதைவிட, அதில் உள்ளதைக் காதால் கேட்டு எழுதி மேடையில் திரும்ப வாசிப்பதே முதன்மை. தட்டில் அமுங்கிப்போன டிரம் இங்கே முழுசாகக் கேட்கிறது. அந்த மூன்று நிமிட நெருக்கடியும் இல்லை. இடையிடையே கதை வரும். நியூ ஆர்லியன்ஸ்காரரான நடிகர் வெர்னல் பக்னெரிஸ், தொடக்ககால ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மோர்ட்டனாக நின்று பேசுவார். பின்னணியில் பியானோ ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1938இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டாரிசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் மோர்ட்டனைப் பேசவைத்துப் பதிவு செய்தபோது, மோர்ட்டன் பியானோவில் கைவைத்தபடியே தன் ஊரின் பழங்கதையைச் சொன்னார். பேச்சும் வாசிப்பும் பிரியாத அந்த முறையைத்தான் ரிவர்வாக் ஜாஸ் வாரந்தோறும் மேடையேற்றியது.

ஃபில் ஷாப்பின் வழி நேர் எதிர். அவர் பிறந்தது 1951இல், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில். ஜாஸ் கலைஞர்கள் பலர் அக்கம்பக்கத்தில் குடியிருந்தார்கள். கவுண்ட் பேஸியின் டிரம் கலைஞர் ஜோ ஜோன்ஸோடு சிறுவயதிலேயே பழக்கம். 1970இல் மாணவராக டபிள்யூ.கே.சி.ஆருக்குள் நுழைந்தவர், 2021இல் இறக்கும்வரை அந்த நிலையத்தை விடவில்லை. 1981இல் தொடங்கிய பேர்ட் ஃப்ளைட் நிகழ்ச்சியில் வாரநாள் காலைதோறும் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் ஒருவருடைய இசை மட்டும்தான். பழைய ஸ்விங் இசைக்கென்று சனிக்கிழமை மாலையில் தனி நிகழ்ச்சி.

ஸ்கிரிப்ட் என்று எதுவும் கிடையாது. ஒரு தட்டைப் போட்டுவிட்டு, அது என்று, எங்கே பதிவானது, யார் யார் இருந்தார்கள், அன்று எத்தனை முறை வாசித்துப் பார்த்தார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினால், பாட்டு ஓடியதைவிடப் பேச்சு பல மடங்கு நீளும். பார்க்கர் 1949இல் மச்சிட்டோவின் ஆஃப்ரோ-கியூபன் குழுவோடு வாசித்த ஓக்கிடோக் என்ற பாட்டின் தலைப்பைப் பற்றி மட்டுமே நேரம் போவது தெரியாமல் அவர் பேசியது ஜாஸ் வட்டாரத்தில் பேர்போனது. எரிச்சலில் ரேடியோவை மூடியவர்களும் உண்டு. அதற்காகவே தினம் திறந்தவர்களும் உண்டு.

இந்த விசாரணைப் புத்தி எதற்கு உதவும் என்பதை ஒரு தட்டு காட்டியது. 1956 நியூபோர்ட் விழாவில் டியூக் எலிங்டன் குழுவின் பால் கொன்சால்வெஸ் டெனர் சாக்ஸஃபோனில் 27 சுற்று ஓயாமல் வாசிக்க, கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கிய கதை பிரசித்தம். ஆனால் வெளிவந்த தட்டில் அந்த வாசிப்பு எங்கோ தூரத்தில் மங்கலாகக் கேட்டது. காரணம், கொன்சால்வெஸ் வாசித்தது இசைத்தட்டு நிறுவனத்தின் மைக்கில் அல்ல. பக்கத்தில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி வைத்திருந்த மைக்கில். போதாக்குறைக்கு, தட்டின் சில பகுதிகள் பின்னர் ஸ்டுடியோவில் வாசித்துக் கைதட்டல் ஒட்டியவை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் நாடா காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தபின், ஷாப் இரண்டு பதிவுகளையும் இழைத்து 1999இல் முழுக் கச்சேரியையும் வெளிவரச் செய்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மங்கிக் கிடந்த சாக்ஸஃபோன் முன்னால் வந்தது.

இருவரையும் எதிரெதிர்த் துருவம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. கல்லமும் தட்டுப் பைத்தியம்தான். அப்பாவின் பழைய தட்டுகளில் பிக்ஸ் பைடர்பெக்கைக் கேட்டுத்தான் கார்னெட்டைத் தூக்கினார். ஷாப்பும் வெறும் தட்டு மனிதர் அல்லர். பல்கலைக்கழகத்துக்கு அருகே வெஸ்ட் எண்ட் மதுக்கூடத்தில், வேலையின்றி ஒதுங்கியிருந்த மூத்த ஸ்விங் கலைஞர்களுக்கு 1970களில் மேடை அமைத்துக் கொடுத்தவர் அவர். வேறுபாடு, கேட்பவரிடம் எதை ஒப்படைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ரிவர்வாக் ஒரு மாலைப்பொழுதைக் கொடுக்கிறது. ஷாப் ஒரு வழக்குக் கட்டைக் கொடுக்கிறார்.

இரண்டிலும் குறை உண்டு. கைதட்டலும் சிரிப்பும் நிறைந்த கூடத்தில் வரலாறு சற்றுக் கனிந்துவிடுகிறது. நிறவெறி, வறுமை, ஏமாற்றுக் கம்பெனிகள் எல்லாம் ஸ்கிரிப்டில் வரத்தான் செய்கின்றன. ஆனால் அடுத்த நொடியே குழு உற்சாகமாக வாசிக்கத் தொடங்கியதும் அந்தக் கசப்பு கரைந்துபோகிறது. பக்னெரிஸ், வில்லியம் வார்ஃபீல்ட் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் கதை சொல்ல, பெரும்பாலும் வெள்ளையர்களான குழு வாசித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதைவிட, எவ்வளவு நேர்த்தியாக வாசித்தாலும் அது 1923இன் ஒலி அல்ல, அதைப் பற்றிய ஒரு தேர்ந்த ஊகம்.

ஷாப்பிடம் குறை வேறு வகை. தேதியும் பதிவை அடையாளம் காட்டும் மேட்ரிக்ஸ் எண்ணும் அடுக்கப்படும்போது, புதிதாக வருபவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். ஆனால் அந்தப் பிடிவாதத்தில் ஒரு நேர்மை இருந்தது. தான் 1900 ஜூலை 4 அன்று பிறந்ததாக ஆம்ஸ்ட்ராங் ஆயுள் முழுக்கச் சொன்னார். பின்னாளில் கிடைத்த ஞானஸ்நானப் பதிவேடோ 1901 ஆகஸ்ட் 4 என்றது. டபிள்யூ.கே.சி.ஆர். இரண்டு நாளையும் விடாமல் கொண்டாடுகிறது. கலைஞர் சொன்ன கதையும் வரலாறு, ஆவணம் சொல்வதும் வரலாறு என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

என் கணிப்பில், இரண்டில் எது மேல் என்பதைப் பதிவுத் தொழில்நுட்பமே தீர்மானிக்கிறது. 1925இல் மின்சாரப் பதிவு வருவதற்கு முந்தைய இசைக்கு ரிவர்வாக் வழிதான் பொருத்தம். ஊமையாக்கப்பட்ட டிரம்மை எத்தனை முறை தட்டைக் கேட்டாலும் மீட்க முடியாது. யாராவது வாசித்துத்தான் காட்ட வேண்டும். பார்க்கர் காலத்துக்கு வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். ஒரே பாட்டுக்கு ஒரே நாளில் நாலைந்து வாசிப்புகள் பதிவாகிக் கிடக்கின்றன; அங்கே மறுவாசிப்பு தேவையில்லை, கூர்ந்து கேட்கும் காது போதும். ஷாப் பார்க்கரைத் தேர்ந்ததும் கல்லம் ஆலிவரையும் மோர்ட்டனையும் தேர்ந்ததும் ரசனையால் மட்டும் நேர்ந்ததல்ல. அவரவர் முறைக்கு ஏற்ற களம் அதுவாக இருந்தது.

கல்லம் 2019இல் காலமானார். அவருடைய ஒலிபரப்புகள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. ஷாப்பின் சேகரிப்பு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருக்கிறது. இன்றைய பாட்காஸ்ட்கள் முன்னவரிடமிருந்து கதையையும் பின்னவரிடமிருந்து தகவலையும் தாராளமாக எடுத்துக்கொள்கின்றன. ஏழு கலைஞர்களை வாராவாரம் ஒரே மேடையில் உட்காரவைத்த செலவையும், ஒரே கலைஞரை நாற்பது ஆண்டுகள் கேட்ட பொறுமையையும் ஏற்க ஆளில்லை. அந்த இரண்டும் இல்லாமல் சொல்லப்படும் ஜாஸ் வரலாறு, படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதாகவே இருக்கும். அதற்கு வானொலி வேண்டியதில்லை.